பொங்கல் டிக்கெட்டை நவம்பரிலேயே எடுத்துவிடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து இங்கே கோவில்பட்டிக்கு வர டிக்கெட் விலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனில் சொன்னாய். மாப்பிள்ளை நாலைந்து தளங்களில் தேடிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாய். ரயிலுக்கு அந்தத் தேடலே வேண்டாம். எந்தச் செயலியில் பார்த்தாலும் இருக்கை ரயில்வேயின் ஒரே முன்பதிவுக் கணக்கிலிருந்துதான் வருகிறது, ரயில் கட்டணமும் ஒன்றுதான். மற்றவர்கள் அதன் மேல் தங்கள் பங்கைச் சேர்ப்பார்கள். ரயில்வேயின் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசியிலேயே எடு. யுபிஐயில் கட்டினால் சேவைக் கட்டணமும் குறையும். முன்பதிவு திறக்கும் நாளைத் தவறவிடாமல் எடுத்தால்தான் காசு மிஞ்சும்.

பயணத்துக்கு 120 நாள் முன்பே முன்பதிவு என்பது பழைய கணக்கு. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். நீங்கள் ஜனவரி 12 சாயங்காலம் கிளம்புவதாக இருந்தால் நவம்பர் 13 காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கல் நேரத்தில் காபி குடித்துவிட்டு வருவதற்குள் காத்திருப்புப் பட்டியல் வந்துவிடும். அதனால் மூன்று பேர் பெயரையும் வயதையும் ஐஆர்சிடிசி கணக்கில் உள்ள மாஸ்டர் லிஸ்டில், அதாவது பயணிகள் பட்டியலில், முன்கூட்டியே போட்டு வை. திறந்தவுடன் எடுக்க வேண்டுமென்றால் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். இதை முந்தின நாள் ராத்திரி செய்யலாம் என்று விட்டுவிடாதே.

கோவில்பட்டியில் நிற்கும் வண்டிகளில் நாகர்கோவில் வண்டி பெங்களூரிலேயே கிளம்புவது. தூத்துக்குடி வண்டி மைசூரிலிருந்து வருகிறது. முதலில் நாகர்கோவில் வண்டியைப் பார். கிளம்புகிற ஊரிலிருந்து எடுக்கும் டிக்கெட்டுக்குத்தான் இட ஒதுக்கீடு அதிகம், காத்திருப்புப் பட்டியலும் வேகமாக நகரும். ஜி.என்.டபிள்யூ.எல். (பொதுக் காத்திருப்புப் பட்டியல்) என்று வந்தால் கொஞ்சம் நம்பலாம், பி.கியூ.டபிள்யூ.எல். (நடுவழி ஊர்களுக்குச் சேர்த்து வைத்த பட்டியல்) என்று வந்தால் பண்டிகை நாளில் நம்பாதே. தூத்துக்குடி வண்டியில் பெங்களூரிலிருந்து இடம் இல்லை என்று காட்டினால், மைசூரிலிருந்து போட்டுப் பார். இடம் இருந்தால் டிக்கெட்டை மைசூரிலிருந்து எடுத்து, ஏறுமிடமாக பெங்களூரைக் குறித்துவிடு. கட்டணம் கொஞ்சம்தான் கூடும், அது வீண் செலவு இல்லை. ஏறுமிடத்தைக் குறிக்க மட்டும் மறக்காதே. மறந்தால் நீ பெங்களூரில் ஏறுவதற்குள் பெர்த்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

குட்டிக்கு 5 வயது முடிந்துவிட்டது, இனி டிக்கெட் எடுத்தாக வேண்டும். தனி பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். முழுதாகவே எடு. ராத்திரி முழுக்க அவனை ஒண்டிப் படுக்க வைத்து நீ தூங்காமல் வர வேண்டாம்.

கடைசி நேர டிக்கெட்டான தட்கலை நம்பி இருக்காதே. முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர் என்று திறக்கும். ஸ்லீப்பருக்கு ஆளுக்கு 200 ரூபாய் வரை, மூன்றடுக்கு ஏசிக்கு 400 வரை கூடுதல். உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு காசு திரும்பாது. பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ஓட்டம் எதற்கு? ஆர்.ஏ.சி. (பெர்த் உறுதியாகாத டிக்கெட்) கிடைத்தால்கூட ஏறிவிடலாம், உட்காரவாவது இடம் உண்டு. சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் முழுக்கக் காத்திருப்பில் இருக்கும் இணைய டிக்கெட் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது.

நாகர்கோவில், தூத்துக்குடி வண்டிகள் இரண்டிலும் இடம் கிடைக்கவில்லையா, மதுரை வந்தே பாரத் இருக்கிறது. பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மதியம் கிளம்பி ராத்திரி மதுரை வந்துவிடும். செவ்வாய்க்கிழமை கிடையாது. அப்பா காரோடு ஸ்டேஷனில் நிற்பார்.

விமானத்தைப் பற்றி மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். முதல் பக்கத்தில் தெரியும் விலையைப் பார்த்து மகிழ வேண்டாம். கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம், இருக்கைத் தேர்வு, தானாக டிக் ஆகியிருக்கும் காப்பீடு எல்லாம் ஏறியிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தளம், வாங்க விமான நிறுவனத்தின் சொந்தத் தளம் என்று வைத்துக்கொள்ளச் சொல். தூத்துக்குடியையும் மதுரையையும் சேர்த்தே பார்க்கட்டும். தூத்துக்குடியில் இறங்கினால் வீட்டுக்குக் கார் வாடகை குறைவு. இருந்தாலும் பொங்கல் வாரத்தில் மூன்று பேருக்கு விமானம் என்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

திரும்பும்போது மதுரையில் ஒரு நாள் தங்கி மீனாட்சியைப் பார்க்க வேண்டும் என்றாயே. ரயில் டிக்கெட் உறுதியானதும் அந்த டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். எண்ணை வைத்து ஸ்டேஷன் ஓய்வறைக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம், கோயிலும் பக்கம். அது கிடைக்காவிட்டால் ஓட்டல் விலையைத் தளத்தில் பார்த்துவிட்டு ஓட்டலுக்கே போன் போட்டுக் கேள். பல இடங்களில் குறைத்துச் சொல்வார்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. நம் தெருவில் ஒருவர் டிக்கெட் பணம் திரும்ப வரவில்லை என்று இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு எண்ணுக்குப் பேசி, அவர்கள் சொன்ன செயலியை இறக்கி, வங்கியில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டார். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம். ஐஆர்சிடிசி எண் 14646. வேறு எண்ணை நம்பாதே. எந்த எண்ணில் யார் பேசினாலும் ஓடிபி சொல்லாதே.

ஆதார் சரிபார்த்தாயா என்று இன்று ராத்திரி போனில் சொல். 13-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நானும் இங்கே என் கணக்கில் தயாராக இருக்கிறேன். உனக்குக் கிடைத்துவிட்டால் உடனே கூப்பிடு, இல்லாவிட்டால் நான் எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா
கோவில்பட்டி