தொப்பூர் இறக்கத்துக்கு முன்

பொள்ளாச்சி
டிசம்பர் 18

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்கள் நேற்று மாலை வந்தன. மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிற்கும் வண்டியைப் பார்த்து உன் அம்மா அழுதேவிட்டாள். தெருவில் ஒரு வீடு விடாமல் போய்க் காட்டிவிட்டு வந்தாள். பழைய வண்டிதான் என்றாலும், உன் சம்பாத்தியத்தில், உன் பெயரில் ஒரு கார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது.

ஆனால் மூன்றாவது படத்தைப் பார்த்த பிறகு எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். பாப்பா அவர் மடியில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிச் சிரிக்கிறாள். அவளுக்கு நேர் எதிரே, அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைப் பிள்ளையார். பொங்கலுக்கு ஓசூரிலிருந்து இதே வண்டியில், நீயே ஓட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னாய். போனில் பேசினால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். இதை வண்டியிலேயே வைத்துக்கொள். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

முதலில் பாப்பா. அவள் கை ஊன்றியிருக்கிற பலகைக்கு உள்ளேதான் ஏர்பேக் என்கிற காற்றுப்பை மடிந்து கிடக்கிறது. மோதல் நடந்தால் அது ஏறத்தாழ ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் வெடித்து விரியும். பெல்ட் போட்டு, சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் காப்பதற்காகச் செய்தது அது. மடியில் இருக்கும் குழந்தையின் முகத்தில் அதே பை பாறாங்கல்லாக மோதும். பிள்ளையார் சிலையையும் அது பெயர்த்து எறியும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் வருத்தப்படவில்லை. சிலையை வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, வண்டியில் சின்னப் படம் ஒன்றை ஒட்டிக்கொள், அதையும் காற்றுப்பையை மூடியிருக்கும் பலகையின் மேல் ஒட்டாதே.

"நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று மாப்பிள்ளை சொல்லக்கூடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவது, ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். அங்கிருந்து விழுகிறவர் மடியில் இருக்கும் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த முடியுமா? எவ்வளவு பாசம் இருந்தாலும் கைக்கு அந்த வலு கிடையாது. பாப்பாவுக்கென்று தனி இருக்கை வாங்கிவிடு. பின் இருக்கையில் சாய்மானமும் அமருமிடமும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பார், இரும்பு வளையம் தட்டுப்படும். ஐசோஃபிக்ஸ் என்பார்கள். குழந்தை இருக்கையின் கொக்கி அதில் 'டக்'கென்று விழ வேண்டும், விழுந்த பின் பிடித்து ஆட்டினால் அசையக் கூடாது. முதல் நாள் அழுவாள், இறங்க வேண்டும் என்பாள். இரண்டு நாள் அழட்டும். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ அதற்கான இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019இல் சட்டமே திருத்திவிட்டார்கள். அபராதத்துக்காக நான் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும்.

பின்னால் உட்காருகிற பெரியவர்களும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தது நினைவிருக்கிறதா? விலையுயர்ந்த, உறுதியான கார் அது. அவர் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீசார் சொன்னார்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் படக் கூடாது, இடுப்பு எலும்பில் படிய வேண்டும். எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காகக் கடைகளில் வெறும் கொக்கி விற்கிறார்கள். பழைய வண்டி என்பதால் முந்தைய உரிமையாளர் அப்படி ஒன்றைச் செருகி வைத்திருக்கலாம். இருந்தால் பிடுங்கித் தூர எறி.

இனி உனக்கு. இருபத்தெட்டு ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டியவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எங்கும் எடுக்காதே. நிறுத்திய இடத்திலேயே ஒரு மணி நேரம் அதற்குள் உட்கார். கண்ணை மூடிக்கொண்டு வைப்பரைப் போடு, ஹெட்லைட்டைப் போடு, டிம் செய், கண்ணாடியில் படியும் பனியை விரட்டும் பொத்தானைத் தொடு. தேடாமல் கை போய் விழும்வரை செய். 80இல் போகும் வண்டி ஒரு நொடியில் இருபத்திரண்டு மீட்டர் போய்விடும். மூன்று நொடி குனிந்து பொத்தானைத் தேடினால் அறுபத்தாறு மீட்டர் சாலையை நீ பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

இருக்கையை இப்படிச் சரிசெய்: கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் இடது முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். தோள் சாய்மானத்தில் பட்டபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிக்குக் குறையாமல் பார்த்துக்கொள், அதற்குள்ளும் ஒரு பை இருக்கிறது. தலைக்குப் பின்னால் இருக்கும் திண்டை உயர்த்தி வை, அதன் உச்சியும் உன் தலை உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். பின்னாலிருந்து ஒருவன் இடித்தால் கழுத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்து பிரேக். இதை நீ கையால் தொட்டுப் பார்ப்பதுபோலக் காலால் தெரிந்துகொள்ள வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நான்கைந்து முறை மிதி. முதல் ஒன்றிரண்டு முறை மெத்தென்று இறங்கும். அதன் பிறகு கல்லாகிவிடும். கல்லான மிதியின் மேல் காலை அழுத்தி வைத்தபடியே என்ஜினை ஓட விடு. மிதி உன் காலடியில் ஒரு விரற்கடை தானாகக் கீழே இறங்கும். இறங்கினால், உன் காலுக்குத் துணை செய்யும் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. என்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடம்தான் உன் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்துகிறது. என்ஜின் அணைந்தால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் அந்தத் துணை மிஞ்சும். பிறகு உன் கால் வலு மட்டும்தான்.

வால்பாறைத் தடத்தில் பதினோரு ஆண்டுகள் ஓட்டினேன், உனக்கே தெரியும். ஆழியாறுக்கு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மழைக்காலத்தில் வளைவு ஒன்றில் ஒரு கார் தடுப்புச் சுவரை உரசியபடி நின்றிருந்தது. முன் சக்கரத்திலிருந்து புகை. ரப்பரும் இரும்பும் தீய்ந்த அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடவே இல்லை, விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பெட்ரோல் மிச்சமாகும் என்று என்ஜினை அணைத்து, நியூட்ரலில் இறங்கி வந்திருக்கிறான். "பிரேக் மிதித்தேன் அண்ணா, மிதி இறங்கவே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பின் இருக்கையில் அவன் தாயார் இருந்தார்கள். அந்தச் சுவர் இல்லையென்றால் இருவரும் இல்லை.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அவன் மிச்சப்படுத்த நினைத்த பெட்ரோலும் மிச்சமாகியிருக்காது. இப்போதைய கார்களில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், இறக்கத்தில் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் என்ஜினைச் சுழற்றும். அந்த இழுவையே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது, பாரம் முழுதும் பிரேக்கின் தலையில் விழுகிறது, பிரேக் சூடேறி வழுக்கத் தொடங்குகிறது. மேலே ஏற எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்கு. எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த பெரியவர் சொன்னது இது, ஒரு நாளும் நான் மீறியதில்லை.

நீ வரும் வழியில் தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் வரும். சேலம் பக்கம் வருகிறவர்களுக்கு அது இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் அங்கே நியூட்ரலில் உருண்டு வந்து, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் கார்களின் மேல் ஏறியது எத்தனை முறை என்று செய்தித்தாளில் நீயும் படித்திருப்பாய். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடு. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இரு. ஒரு லாரி வேகமாக நெருங்கினால் போட்டி போடாதே, வழியை விட்டு ஒதுங்கு. இரண்டு லாரிகளுக்கு நடுவில் சிக்காதே. பகலில் அந்த இடத்தைக் கடக்கும்படி கிளம்பு.

அவசரமாக நிறுத்த நேர்ந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதி, எடுக்காதே. காலடியில் மிதி படபடவென்று உதறும், கரகரவென்று சத்தம் வரும். உன் வண்டி 2022இல் வந்தது, அதில் ஏபிஎஸ் உண்டு. அந்த உதறல் அது வேலை செய்வதன் அடையாளம். பலர் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும், நீ ஸ்டியரிங்கைத் திருப்பி விலகிப் போகலாம். எங்கள் காலத்தில் விட்டு விட்டு மிதிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். உன் வண்டிக்கு அந்தப் பாடம் பொருந்தாது.

பிரேக் மிதியின் கீழே எதுவும் உருளக் கூடாது. பாப்பாவின் தண்ணீர் பாட்டில், கழற்றிப் போட்ட செருப்பு, நழுவும் கால் மிதியடி எல்லாமே ஆபத்து. பாட்டிலைக் கதவுப் பையில் வை.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் வரிசையாக விளக்குகள் எரிந்து, சில நொடிகளில் அணையும். அந்தச் சில நொடிகளைப் பார்க்காமல் விடாதே. காற்றுப்பை விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படு, பழைய வண்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. ஓடும்போது மஞ்சள் விளக்கு வந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டு. சிவப்பு வந்தால் ஓரம் கட்டு. அதிலும் மூக்கிலிருந்து சொட்டு விழும் கெண்டி போன்ற படம் சிவப்பில் எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது. "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று நினைக்காதே, அந்த இடத்திலேயே என்ஜினை அணை. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் அதன் விளக்கு எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அந்த வண்டியை ஓட்டாதே. என்ஜின் கொதித்தால் ஏசியை அணைத்து, நிறுத்தி, ஆற விடு. ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதே. விசில் அடங்காத குக்கரைத் திறப்பாயா?

டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பஞ்சர் கடைக்காரர் சொல்லும் எண்ணைக் கேட்காதே, அதைக் கேள். டயர் குளிர்ந்திருக்கும்போது அடி, ஸ்டெப்னிக்கும் அடி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று பொறித்திருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். படித்து எனக்குச் சொல். ஸ்டெப்னி மாற்றவும் ஒரு முறை வீட்டு வாசலிலேயே பழகிவிடு. ஜாக்கி போட்டுத் தூக்கும் முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும், தூக்கிய பின் சக்கரம் சுற்றுமே தவிர நட்டு கழலாது.

நான்கு இண்டிகேட்டரும் ஒரே நேரத்தில் மின்னுகிற சிவப்பு முக்கோணப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்ட அதைப் போடுகிறார்கள். மழையில் ஓடிக்கொண்டே போடுகிறார்கள். தவறு. நீ இடமா வலமா என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாமல் போய்விடும். வண்டி நின்றுபோனால் மட்டும் போடு. மழையில் ஹெட்லைட்டை டிம்மில் வைத்தால் போதும். எதிரே வண்டி வந்தால் நீ முதலில் டிம் செய், அவன் செய்யும்வரை காத்திருக்காதே.

உன் வண்டியில் 80ஐத் தாண்டினால் விட்டு விட்டு ஓர் ஒலி வரும். பாப்பா உள்ளே இருக்கும்போது அது ஒலிக்க வேண்டாம் கண்ணு. பின் கதவுகளின் ஓரத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும், குழந்தைப் பூட்டு. அதைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து கதவைத் திறக்க முயன்று பார்.

விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி இறங்கி நட. உன் போன் மாப்பிள்ளையிடம் இருக்கட்டும், அவினாசி வந்ததும் அவர் என்னைக் கூப்பிடட்டும். வாசலில் கட்டியிருக்கும் கன்றுக்குட்டியைக் கொல்லைக்கு மாற்றிவிடுகிறேன். கார் வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஓடி வந்து பின்னால் நிற்பார்கள். ரிவர்ஸ் சென்சார் ஒலிக்கும் என்று நம்பாதே, பம்பருக்குக் கீழே குனிந்து நிற்கும் பிள்ளை அதற்குத் தெரியாமல் போகலாம். வேப்பமரத்தருகே நிறுத்திக் காத்திரு. நான் பின்னால் வந்து நின்று கை காட்டிய பிறகு வண்டியை உள்ளே எடு.

அன்புடன்,
அப்பா