பாலைக் கடைசியில் ஊற்றச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில், குளிர்காலத்துக்கு ஏற்றது என்று ஒரு காய்கறி சவுடர் செய்முறை வெளியானது. ஸ்லோ குக்கரில், அதாவது குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில், செய்யும் கெட்டியான கிரீம் சூப். அந்தக் குறிப்புக்குத் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

நான் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். வீட்டில் மாமியார் இருக்கிறார்கள், வயது 79. கீழ்ப் பற்கள் பெரும்பாலும் போய்விட்டன. குளிர் தொடங்கிவிட்டால் காலையில் அவர்களுக்குச் சூடாக, மெல்லத் தேவையில்லாத ஏதாவது வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் காய்களை நறுக்கிப் போட்டுவிட்டுப் போனால், காலை ஏழரைக்கு நான் திரும்பும்போது உணவு தயாராக இருக்கும் என்றுதான் ஸ்லோ குக்கர் வாங்கினோம். அதில் நான் செய்த முதல் சமையல் தங்கள் குறிப்பு. ஒரு வரி மாற்றாமல் செய்தேன்.

உருளைக்கிழங்கு, கேரட், செலரி, ஸ்வீட் கார்ன், வெங்காயம், இரண்டு தக்காளி, அரை லிட்டர் பால், ஒரு கப் ஃப்ரெஷ் கிரீம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மூடி, ‘லோ’ நிலையில் எட்டு மணி நேரம் விடவும் என்று போட்டிருந்தீர்கள். காலையில் மூடியைத் திறந்தேன். மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர். அதில் வெண்ணெய் மஞ்சள் வட்டங்களாக மிதந்தது. கரண்டியை விட்டுக் கிளறினால், உடைந்த முட்டை வெள்ளை போலச் சின்னச் சின்னத் துகள்கள் கேரட்டின் மேலும் கிழங்கின் ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டு வந்தன. பால் முழுக்கத் திரிந்துவிட்டது. கிழங்குத் துண்டுகளோ எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் நடுவில் விறைப்பாக இருந்தன. மாமியார் இரண்டு கரண்டி வாயில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தார்கள். இரண்டரை லிட்டர் உணவைக் கொட்டினேன்.

பால் பழையது என்று முதலில் நினைத்தேன். அடுத்த வாரம் புதுப் பால் வாங்கி மறுபடியும் செய்தேன். அதே கதிதான். அதன் பிறகுதான் குறையைக் குறிப்பில் தேடினேன். அளவுகளில் தவறே இல்லை. எதை எப்போது சேர்ப்பது என்பதில்தான் தவறு.

பாலில் உள்ள புரதம் நீண்ட நேரச் சூட்டையும் புளிப்பையும் ஒருசேரத் தாங்காது. இங்கே இரண்டும் சேர்ந்தன. தக்காளியின் புளிப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் கிழங்கு குழையும். புளிப்பு அதைக் கரைய விடாது. அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தில் இதை ஓரளவு சமாளித்துவிடலாம். மெல்லச் சூடேறும் ஸ்லோ குக்கரில் முடியாது. பாலைத் திரித்ததும் கிழங்கை விறைக்க வைத்ததும் ஒரே தக்காளி.

இப்போது நான் செய்யும் முறை இது. அரை கிலோ உருளைக்கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி அடியில் பரப்புகிறேன். கிழங்கும் கேரட்டும்தான் வேக நேரமெடுப்பவை. சூடு அடியிலும் பக்கச் சுவரிலும் இருப்பதால் அவை அங்கேதான் இருக்க வேண்டும். அதன் மேல் வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் செலரியும், ஒரு பிரிஞ்சி இலை, கொஞ்சம் மிளகு. காய்கறி வேகவைத்த நீர் முக்கால் லிட்டர், அவ்வளவுதான். மூடிய பாத்திரத்தில் நீர் வற்றாது என்பதால் அடுப்புக்கு ஊற்றும் அளவு ஊற்றினால் சவுடர் நீர்த்துப் போகும். தக்காளி வேண்டவே வேண்டாம். ‘லோ’வில் எட்டு மணி நேரம். அதற்குப் பிறகு குக்கர் தானாகவே வெதுவெதுப்பு நிலைக்கு மாறி, நான் வரும்வரை சூட்டைக் காக்கிறது.

காலையில் வந்ததும் இரண்டு அகப்பை கிழங்கை எடுத்து மசித்துத் திரும்பப் போடுகிறேன். இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுகிறேன். பிறகு ஸ்வீட் கார்ன், அதன் பிறகு அறைச் சூட்டுக்கு வந்த கிரீம். ‘ஹை’யில் அரை மணி நேரம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆகிவிடுகிறது. கலங்கிய பழுப்பு நீர் கிரீம் விழுந்ததும் முதலில் கோடு கோடாக வெளுக்கும், அப்புறம் தந்த நிறத்துக்கு வரும். அகப்பையின் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்கும். அதுதான் பதம். உப்பு அப்போதுதான் போடுகிறேன். கொழுப்பு கூடுதலான கிரீம் எளிதில் திரியாது; கார்ன்ஃப்ளாரின் மாவுப்பசையும் பாலைப் பிடித்து நிறுத்தும். மாமியார் இப்போது கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. வெந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக இடையில் மூடியைத் திறக்கக் கூடாது. ஒருமுறை திறந்தால் இழந்த சூடு திரும்ப இருபது, முப்பது நிமிடம் ஆகும். இந்த எச்சரிக்கையும் குறிப்பில் இல்லை.

தேடியபோது ஒரு செய்தி கிடைத்தது. 1751-இல் பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்று ஒரு சவுடர் செய்முறையைச் செய்யுள் வடிவில் அச்சிட்டிருக்கிறது. அதில் பால் இல்லை. பன்றி இறைச்சியும் மீனும் ஊறிய பிஸ்கட்டும்தான் முக்கியம். ஆனால் அதன் தொடக்கமே வரிசைதான்: முதலில் வெங்காயத்தை அடியில் அடுக்கு, சவுடரைக் கிளறிவிட முடியாது, அடுக்காவிட்டால் இறைச்சி அடிப்பிடிக்கும் என்கிறது. அந்தச் செய்தித்தாளின் வாசகருக்கு எது முதலில், எது பிறகு என்ற விவரம் கிடைத்தது. நமக்குக் கிடைக்கவில்லை.

பால் திரிந்ததற்காக மட்டும் நான் ஆசிரியருக்கு எழுதியிருக்க மாட்டேன். அந்தக் குறிப்பின் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. ‘ஊறவைத்த ராஜ்மா ஒரு கைப்பிடி சேர்த்தால் சத்து கூடும்’ என்று அதில் இருந்தது. அன்று வீட்டில் ராஜ்மா இல்லை. இருந்திருந்தால் கட்டாயம் சேர்த்திருப்பேன். சாப்பிட்டிருப்பது 79 வயதுக்காரர்.

வேகாத சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நான்கைந்து பயறு போதும், ஓரிரு மணி நேரத்தில் கடுமையான குமட்டலும் வாந்தியும் பேதியும் வரும். ஊறவைப்பதால் மட்டும் அது போகாது. சில ஸ்லோ குக்கர்களில் உணவின் உள்சூடு 75 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் நச்சு அழியாது. அரைகுறையாக வெந்த ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிடவும் மோசமாகலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் அடுப்பில் தளதளவென்று முப்பது நிமிடம் கொதிக்கவைத்த பிறகே குக்கரில் போட வேண்டும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதில் அச்சமில்லை.

குறிப்பை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்லோ குக்கரின் முன்னோடி, இர்விங் நாக்சன் என்பவர் 1940-இல் காப்புரிமை பெற்ற கலம். அது பீன்ஸ் வேகவைக்கும் கலமாகத்தான் விற்கப்பட்டது. அதனால் இதில் பயறு போடலாம் என்று யாரும் எளிதில் நம்பிவிடுவார்கள். நம்புகிறவர்களில் பலர் என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் முதியவரோ குழந்தையோ இருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கருவியே.

என் மாமியார் தங்கள் இணைப்பின் சமையல் குறிப்புகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைப்பவர்கள். இந்தக் குறிப்பும் அதில் இருக்கிறது. அப்படி ஒட்டி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கும். எனவே திருத்தத்தை உள்பக்க மூலையில் இரண்டு வரியாகப் போடாமல், அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவுக் கட்டத்தில் வெளியிடுங்கள். பழைய குறிப்பின் மேலேயே ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
இரவுப் பணிச் செவிலியர்