செந்தேள் கொட்டினால் புளியங்கொட்டை காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் கைவைத்தியப் பகுதியில், தேள் கொட்டினால் புளியங்கொட்டையைக் கல்லில் சூடு ஏற உரசி, கொட்டிய இடத்தில் ஒட்டினால் விஷத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்று போட்டிருந்தீர்கள். நான் சேலம் மாவட்டத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓமலூர் பக்கமும் ஏற்காடு மலையிலும்தான் பெரும்பாலும் பணி. இந்தக் குறிப்பை நம்பி ஒரு தாய் ராத்திரி முழுக்கப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்பு வெளியிடுங்கள்.

புளியங்கொட்டை ஒட்டிப் பிழைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஒட்டாமல் விட்டிருந்தாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக் கல்கட்டுகளிலும் மட்கிய மரத்தடியிலும் இருக்கிற பெரிய கருந்தேளைப் பார்த்தால்தான் எல்லோருக்கும் நடுக்கம். அதற்கு முன்னால் உள்ள இடுக்கிகள் தடிமன், வால் ஒல்லி. கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், பொதுவாக உயிர் போகாது. பயப்பட வேண்டியது அதைவிடச் சின்னதான செந்தேளுக்கு. செங்கல் சூளை, கல் உடைக்கிற இடம், ஓட்டு வீட்டுச் சுவர், விறகு அடுக்கு, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு என்று மனுஷர் புழங்குகிற இடத்திலேயே அது பதுங்கும். இடுக்கி மெலிந்தும் வால் தடித்தும் இருக்கும். பிள்ளைகளுக்கு இந்த ஒரு அடையாளத்தையாவது சொல்லிக்கொடுங்கள்.

விஷம் கொட்டிய இடத்திலேயே தேங்கி நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது. போய்ச் சேருகிற இடம் நரம்பு. நரம்பின் சுவரில் சோடியம் சேனல் என்று ஒரு புரதம் இருக்கிறது. மேட்டூர் அணை மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த மதகைத் தூக்க ஆள் வேண்டாம், மின்னழுத்தமே தூக்கும். நரம்பு சும்மா இருக்கும்போது அதன் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. சேதி வந்ததும் அந்த வித்தியாசம் கொஞ்சம் குறைகிறது. சேனல் புரதத்தின் ஒரு பகுதியில் நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. அழுத்தம் மாறியதும் அந்தப் பகுதி வெளிப்பக்கமாக நகர, வழி திறந்து, வெளியே ஏராளமாக இருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது. ஒன்றிரண்டு மில்லி வினாடிக்குள் அதே புரதத்தின் இன்னொரு துண்டு உள்பக்கமாக வந்து வழியை அடைத்துவிடும். அடுத்து பொட்டாசியம் சேனல்கள் திறந்து, பொட்டாசியம் வெளியேறி, நரம்பு பழைய நிலைக்குத் திரும்பும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணவாய் மீனின் தடித்த நரம்பில் இதை அளந்து 1952-ல் கணக்காகவே எழுதி வைத்தார்கள், 1963-ல் நோபல் பரிசு பெற்றார்கள். நரம்பில் சேதி ஓடுகிற பாடம் என் பேத்தியின் பிளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தில் இருக்கிறது. மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிற பாடமாக அது போய்விடக் கூடாது என்பது என் ஆதங்கம்.

செந்தேள் விஷம் கைவைப்பது அந்த அடைக்கிற வேலையில். வெளிப்பக்கமாக வந்து சேனலைப் பற்றிக்கொண்டு, மூடவேண்டிய நேரத்தில் சரியாக மூடவிடாமல் செய்கிறது. சோடியம் நிற்காமல் உள்ளே போகிறது, ஒரு தடவை சேதி அனுப்ப வேண்டிய நரம்பு விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் நம்மைக் கேட்காமலே நடத்துகிற தன்னியக்க நரம்புகளுக்கும் இதே கதி. அவசரத்தில் உடம்பை முடுக்கிவிடுகிற அட்ரினலினும் நார்அட்ரினலினும் அளவில்லாமல் சுரக்கின்றன. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அந்த இறுக்கத்தை எதிர்த்து அடித்து அடித்து இதயம் சோர்ந்து, கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கிறது. தோலுக்கு மேலே ஒட்டியிருக்கிற ஒரு கொட்டை இதில் எதைத் தடுக்கும்?

வலிக்காக நாங்கள் கொட்டிய இடத்தில் போடுகிற, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசியும் அதே சோடியம் சேனலில்தான் வேலை செய்கிறது. விஷம் மூடவிடாமல் பிடிக்கிறது, ஊசி மருந்து நரம்புக்குள் இறங்கி உள்பக்கமாக வழியை அடைக்கிறது. அதனால் வலி நின்றுவிடும். உடனே, "சரியாப் போச்சுங்க சிஸ்டர், கிளம்பறோம்" என்பார்கள். விடவே கூடாது. நின்றது அந்த ஒரு இடத்து வலி மட்டும்தான், ரத்தத்தில் கலந்த விஷம் அப்படியே இருக்கிறது.

இந்தச் சேனல் பாடம் தேளோடு முடிவதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் மாத்திரைகளும் மூளை நரம்புகளின் சோடியம் சேனலை அடக்குபவைதான். ரத்த அழுத்தத்துக்குப் பாதிப் பேர் வீட்டில் இருக்கிற அம்லோடிபின், கால்சியம் சேனலை அடைப்பது. தேள் விஷமே ஆராய்ச்சிக்கும் உதவியிருக்கிறது. பொட்டாசியம் சேனலின் வாய் எங்கே இருக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி ராடெரிக் மெக்கின்னன் கண்டுபிடித்ததே தேள் விஷத்தின் ஒரு கூறை வைத்துத்தான். 1998-ல் அவர் அந்த வகைச் சேனல் ஒன்றின் வடிவத்தையே வெளியிட்டார், 2003-ல் நோபல் பரிசு. நம் செந்தேளின் விஷத்திலிருந்து பிரித்த ஐபீரியோடாக்சின் என்ற நச்சு இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது.

ஒரு சித்திரை மாத ராத்திரி சூளையில் வேலை செய்கிற குடும்பம் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒண்ணாம் வகுப்பு போகிற வயசு. காலில் புளியங்கொட்டை ஒட்டியபடியே இருந்தது. "வலிக்குதுன்னு அழக்கூட இல்லைங்க சிஸ்டர், வாந்தி மட்டும் எடுத்துட்டே இருக்கறான்" என்றது அந்தப் பெண். சட்டை முழுக்க வேர்வை. வாயோரம் எச்சில் வழிகிறது. உள்ளங்காலைத் தொட்டேன், அந்தப் புழுக்கத்திலும் சில்லென்று இருந்தது. டிரவுசரைத் தளர்த்தினால் குறி விறைத்திருந்தது. ஆண் பிள்ளைகளுக்கு இது முக்கியமான அடையாளம், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். டியூட்டி டாக்டர் பிரசோசின் மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். "உக்கார வெச்சுக் கொஞ்சம் தண்ணி குடுக்கட்டுங்களா?" என்று கேட்ட தாயிடம், "வேண்டாம்மா, படுத்தே இருக்கட்டும்" என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அந்த மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது. நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, கை கால் சூடாகும்வரை மருந்து. விடிகிற நேரத்தில் அவன் கட்டைவிரலில் சூடு வந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இந்த வைத்தியம் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்ததில்லை. மகாராஷ்டிராவில் ராய்கட் மாவட்டம் மஹாடில் கிராமத்து நோயாளிகளைப் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்கு இருந்த பிரசோசினைச் செந்தேள் கடிக்குக் கொடுத்துக் காட்டினார். அது சேனலைச் சரிசெய்வதில்லை. அளவில்லாமல் சுரந்த நார்அட்ரினலின் ரத்தக் குழாயை இறுக்காமல் தடுக்கிறது, அதற்குள் விஷம் வடிய நேரம் கிடைக்கிறது. அதற்கு முன் விஷம் தீவிரமாக ஏறியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் அளவுக்கு இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பிரசோசினோடு தேள் விஷமுறிவு மருந்தும் சேர்த்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று 2011-ல் அவரே ஆய்வு வெளியிட்டார். எல்லோரும் அறியவேண்டிய பெயர் அது. இத்தனைக்கும் பிரசோசின் விலை மலிந்த மாத்திரை.

மாவட்ட சுகாதார அதிகாரிகளை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும், குறிப்பாக சேர்வராயன் மலையில், பிரசோசினும் விஷமுறிவு மருந்தும் தீராமல் இருக்க வேண்டும். மலையின் உள்கிராமத்தில் இருப்பவர்கள் முதலில் ஏற்காட்டுக்கு வர வேண்டும், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் சேலம். இறங்கும் முன்பே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். புதிதாக ராத்திரி டியூட்டிக்கு வருகிற பிள்ளைகளுக்கு, கொட்டிய இடத்தைப் பார்ப்பதற்கு முன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

வாசகர்களுக்கு: கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். பிரசோசினை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடும்போதே தேள் கடி என்றும், வேர்வை, வாந்தி, கை கால் சில்லிப்பு இருக்கிறதா என்றும் சொல்லிவிடுங்கள். தேளை அடித்திருந்தால் டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள், தப்பிவிட்டால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். குழந்தைக்குக் கொட்டியிருந்தால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும், ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்.