தொடர் விழுங்காத நடிகர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மேசை முன் உட்கார இப்போதுதான் முடிகிறது. பேரன் பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூக்கு மட்டும் தாத்தாவைக் கொண்டிருக்கக் கூடாது என்று என் மனைவி வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ எழுதியிருந்த இன்னொரு விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் விட மனமில்லை. தொலைக்காட்சித் தொடரில் ஒரே வேடத்தை வருடக்கணக்கில் செய்கிறவன் நடிகனே அல்ல, மாதச் சம்பளக்காரன் என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். காலமெல்லாம் கருவூலத்தில் மாதச் சம்பளம் வாங்கிய உன் வாயிலிருந்து இது வந்ததுதான் வேடிக்கை. படுக்கையில் கிடந்த நாட்களில் பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடரான 'கொலம்போ'வின் கதைகளை வரிசையாகப் பார்த்தேன். அதில் துப்பறிவாளராக நடித்த பீட்டர் ஃபால்க்கை உன் முன்னால் சாட்சியாக நிறுத்துகிறேன்.

அவரும் உன் ஜாதிதான். 1927இல் நியூயார்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் புற்றுநோயால் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண். கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு, பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கி, ஹார்ட்ஃபோர்டில் கனெக்டிகட் மாநில அரசின் பட்ஜெட் அலுவலகத்தில் சேர்ந்தார். பிற அலுவலகங்கள் திறமையாக நடக்கின்றனவா என்று ஆராய்வது வேலை. அந்த நிபுணருக்கு முதல் நாள் காலையில் தன் அலுவலகக் கட்டடத்தையே கண்டுபிடிக்க முடியவில்லையாம். அவரே சொல்லிச் சிரித்த கதை இது.

மேடை நடிகை ஈவா லெ கலியன், தொழில்முறை நடிகர்களுக்காக நடத்திய வகுப்பில் பொய் சொல்லிச் சேர்ந்தார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து கார் ஓட்டி வருவதால் தாமதமாகும். அந்த ஊரில் நடிப்புக்கு என்ன வேலை என்று அம்மையார் ஒருநாள் துருவ, நான் நடிகனே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியானால் நடிகனாகிவிடு என்றாராம் அவர். முப்பதை நெருங்கும் வயதில் அரசு வேலையை விட்டார் ஃபால்க். நம்மில் யாருக்கு அந்தத் துணிச்சல் இருந்தது, சொல்.

ஹாலிவுட் வரவேற்றுவிடவில்லை. இதே சம்பளத்துக்கு இரண்டு கண் உள்ள நடிகரே கிடைப்பாரே என்று கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் ஹாரி கோன் சொன்னதாக ஃபால்க் பின்னாளில் சொல்லிவந்தார். ஆனால் 1960இல் வந்த 'மர்டர், இன்க்.' படத்தில் கூலிக் கொலைகாரனாக நடித்ததற்கு ஆஸ்கர் பரிந்துரை. அடுத்த ஆண்டே ஃபிராங்க் காப்ராவின் படத்துக்கு இன்னொன்று. கொலம்போவுக்கு முன்பே இவ்வளவும்.

1968இல் ஒரு தொலைக்காட்சிப் படமாகத் தொடங்கிய கொலம்போ, 1971இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடராயிற்று. உன் வாதம் உடைவது இந்த இடத்தில்தான். அது வாராவாரம் வந்த தொடர் அல்ல. வேறு துப்பறியும் தொடர்களோடு முறைவைத்து ஒளிபரப்பினார்கள். ஓர் ஆண்டுப் பருவத்துக்கு அதிகம் போனால் எட்டுக் கதைகள், ஒவ்வொன்றும் ஒரு முழுப் படத்தின் அளவு. மீதி நாட்கள் அவர் கையில். கதையின் கட்டுமானமும் விசித்திரம். யார் கொலையாளி என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். கொலை நடந்து முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கதாநாயகன் வருகிறான், கசங்கிய மழைக்கோட்டோடு. அந்தக் கோட்டு ஃபால்க் தன் பணத்தில் வாங்கியது. விருந்தினராக வரும் கொலைகாரருக்கே அதிக வெளிச்சம். தன் பெயரில் ஓடும் தொடரில் விருந்தாளி போலப் புகுகிற நாயகனை வேறெங்கே பார்த்திருக்கிறாய்? நடுநடுவே பென்சில் தேடிப் பையைத் துழாவுவது, இரவல் கேட்பது எல்லாம் பல தடவை எழுத்தில் இல்லாதவை. எதிரில் நிற்கும் நடிகர் நிஜமாகவே தடுமாறட்டும் என்று அவர் அந்தக் கணத்தில் சேர்த்துக்கொண்டவை. மாதச் சம்பளக்காரன் செய்கிற வேலையா இது?

பணம் எங்கே போயிற்று என்று பார். நண்பரான இயக்குநர் ஜான் கசவெட்டிஸ் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' எடுக்க எந்த ஸ்டுடியோவும் முன்வராதபோது, அவர் தம் வீட்டை அடமானம் வைத்தார். ஃபால்க் ஐந்து லட்சம் டாலர் போட்டார். 1974இல் வெளியான அந்தப் படத்தில் கட்டடத் தொழிலாளி நிக்காக அவர் வருவதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. மனைவியிடம் உயிரையே வைத்திருக்கிறான். அவள் மனம் குலையும்போது என்ன செய்வதென்று தெரியாமல் கத்துகிறான், அடிக்கிறான். அவனை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. மனைவியாக நடித்த ஜீனா ரோலண்ட்ஸை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான், ஆனால் அந்த நடிப்பு மோதி எழுவதற்குச் சுவராக நின்றவர் ஃபால்க். கசவெட்டிஸும் ரோலண்ட்ஸும் கொலம்போ கதைகளில் வந்து நடித்துவிட்டுப் போனார்கள். தொடர் அவரை விழுங்கவில்லை. அவர்தான் தொடரை வைத்துத் தம் கூட்டாளிகளின் சினிமாவை வாழவைத்தார்.

1987இல் விம் வெண்டர்ஸ் பெர்லினில் எடுத்த 'விங்ஸ் ஆஃப் டிசையர்' படத்தில் ஃபால்க் ஃபால்க்காகவே வருகிறார், ஒரு காலத்தில் தேவதையாக இருந்து மனிதராக இறங்கி வந்தவராக. தெருவில் இளைஞர்கள் இவர் கொலம்போதானா என்று பேசிக்கொள்வார்கள். அந்த வேடத்தின் புகழையே ஒரு கவித்துவமான படத்துக்குள் செலாவணியாக்கிவிட்டார். காபி குடிப்பதன் சுகத்தைக் கண்ணுக்குத் தெரியாத தேவதையிடம் அவர் விவரிக்கும் காட்சிக்கு நான் இரண்டாவது டம்ளர் காபி கேட்டு வாங்கினேன்.

உன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1989இல் ஏபிசி நிறுவனத்துக்காகக் கொலம்போவை மறுபடி தொடங்கி 2003 வரை இழுத்தார்கள். 1990இல் ஒரு எம்மி விருதும் கிடைத்தது என்றாலும், அவற்றில் பாதி எனக்கு அலுப்பூட்டின. பழைய கதைகளில் இருந்த நிதானம் போய், சேட்டை மிகுந்துவிட்டது. 2011இல் மறைந்தார், கடைசி ஆண்டுகளில் மறதி நோயால் துன்பப்பட்டார்.

ஸ்பீல்பர்க் தம் இருபதுகளில் இயக்கிய முதல் பருவக் கதையிலிருந்து தொடங்கு, எழுபதுகளைத் தாண்டாதே. முழங்காலுக்கு நீ சொன்ன தைலத்தை மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார், அனுப்பாதே. பேரனுக்குப் பெயர் வைத்ததும் எழுது. தையில் நாங்கள் அங்கே வருவதாக இருக்கிறோம், ரயில் டிக்கெட் கிடைத்தால்.

உன் பழைய அறைத்தோழன்