அகச்சிவப்பு பல்பு: கேட்க வேண்டிய ஒரே கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

‘உடலுக்கு நல்ல அகச்சிவப்பு ஒளி கலந்த பல்பு’ என்ற விளம்பரங்கள் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. அகச்சிவப்பு என்பது சிவப்பைத் தாண்டிய, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒளி. எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த ஒளி நம் தோலுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று சொல்லாத பல்பை வாங்கிப் பயனில்லை.

சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்பு. மர நிழலில் நின்றாலும் அது கிடைக்கும். இலைகள் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு அண்மை அகச்சிவப்பில் (சிவப்பை ஒட்டிய அகச்சிவப்பில்) பெரும்பகுதியைச் சிதறவிடுகின்றன. பழைய குண்டு பல்பும் அதை வாரி இறைத்தது. வெள்ளை எல்.இ.டி.யோ 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீல ஒளி தரும் சில்லின்மேல் பாஸ்பர் (நீலத்தை மற்ற நிறங்களாக மாற்றும் பொருள்) பூசியது. 750 நானோமீட்டரைத் தாண்டினால் அதில் அநேகமாக எதுவும் இல்லை. மின்சாரம் மிச்சமாவதற்கு அதுவும் ஒரு காரணம். வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி, வெளியிலிருந்து வருவதிலும் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது.

அகச்சிவப்பு ஒளியின் பலன் பற்றிய சான்றுகள் இன்னும் சிறியவை. 850 நானோமீட்டர் ஒளியை வீட்டில் வைத்தே கொடுத்துப் பார்த்த, 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சதுர சென்டிமீட்டருக்கு 6.5 ஜூல் ஆற்றல் பெற்றவர்களிடம் மனநிலை தேறியது, பகல் சோர்வு குறைந்தது. அதுவும் குளிர்காலத்தில் மட்டும். கோடையில் அந்தப் பலன் தெரியவில்லை. 1, 4 ஜூல் அளவுகளிலும் அப்படியே. ஆக, அளவுதான் எல்லாம்.

அந்த 6.5 ஜூலை 3 மணி நேரத்தில் பெற, சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட் தோலில் விழ வேண்டும். கூரை பல்பு ஒன்றில் அரை வாட் மின்சாரத்தை அகச்சிவப்புக்கு ஒதுக்கினால், ஒளியாக வருவது சுமார் கால் வாட். 2 மீட்டர் கீழே நேராக உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது சதுர மீட்டருக்கு 0.02 வாட். தேவையில் முந்நூறில் ஒரு பங்கு! சுவரில் பட்டுத் திரும்புவதைச் சேர்த்தாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

எனவே இது மேசை விளக்கின் வேலை. முகத்திலிருந்து 50 சென்டிமீட்டரில் 4 வாட் ஒளி இருந்தால் சதுர மீட்டருக்கு 5 வாட் கிடைத்துவிடும். 350 மில்லி ஆம்பியரில் ஓடும் 850 நானோமீட்டர் எல்.இ.டி. 15-ஐத் தொடராக இணைத்தால் சுமார் 23 வோல்ட், 8 வாட் மின்சாரம்; அதில் ஏறக்குறைய பாதி ஒளியாக வரும். இதற்குத் தனி டிரைவர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) வேண்டும். வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட், இதற்கு 1.5 வோல்ட், தெரியாமல் இரண்டையும் இணையாகக் கோத்தால் மின்னோட்டம் முழுக்க அகச்சிவப்பு எல்.இ.டி. வழியாகப் பாய்ந்து அதை எரித்துவிடும். அலுமினியப் பலகை, ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இரண்டும் கட்டாயம். சூடேற ஏற ஒளி குறையும்.

பால்நிற டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பிவிடும் மூடி) இல்லாமல் விற்கவே கூடாது. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒளி என்பதால் கண்ணின் பாப்பா சுருங்காது, இமையும் மூடாது. நீண்ட நேரத்துக்குக் கருவிழிக்கும் லென்ஸுக்கும் உள்ள சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 100 வாட். மேலே சொன்ன விளக்கு அதற்கு வெகு கீழே. ஆனால் வெறும் எல்.இ.டி.யைக் கண்ணருகே கொண்டுபோனால் விழித்திரையில் ஒரு சிறு இடத்தில் குவியலாம்.

டிரைவர் சீரான மின்னோட்டம் தர வேண்டும். வேகமாக அணைத்து எரியவிட்டு வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மிங், டிவி ரிமோட்டைக் குழப்பலாம். வடிகட்டி இல்லாத சிலிக்கான் ஒளி சென்சார், அகச்சிவப்பையும் வெளிச்சமென்று எண்ணி அறை விளக்கை மங்கவைத்துவிடும்.

வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் இந்த ஒளியைக் காட்டாது. செல்போனின் முன் கேமராவில் வெளிறிய ஊதாவாகத் தெரியலாம். எரிகிறது என்பதற்கு அது சாட்சி, அளவுக்கு அல்ல. அதனால் அலைநீளம், எத்தனை சென்டிமீட்டரில் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்ற இரண்டையும் பெட்டியில் அச்சிடுவதைத் தரநிர்ணய அமைப்புகள் கட்டாயமாக்க வேண்டும்.

– விளக்கமைப்புப் பொறியாளர்கள் சிலர்