எண்ணி அட்டையின் டிரைவர் குறித்து நான்காவது கடிதம்

அனுப்புநர்: எண்ணெய் நிரப்பகம், ஜேக்கப்ஸ், டர்பன்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், ஜொகானஸ்பர்க்

பொருள்: 32 பிட் ரெஜிஸ்டரை இரண்டு துண்டாக வாசிக்கும் டிரைவர்

ஐயா, வணக்கம்.

உங்கள் எண்ணி அட்டையைக் கணினி வாசிக்க உதவும் மென்பொருளான டிரைவரின் கோளாறு பற்றி ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதினேன். மூன்றுக்கும் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்றே பதில். கடைசிப் பதிலின் கீழே தமிழ்ப் பெயர் இருந்தது, அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். கேபிளை இரண்டு தடவை மாற்றியாயிற்று. அது பாவம், ஒன்றும் செய்யவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் உங்களிடம் வாங்கிய, கணினிக்குள் செருகும் பிசிஐ அட்டை, எங்கள் சூரியகாந்தி எண்ணெய் லைனில் ஓட்டத்தை அளக்கும் ஃபுளோ மீட்டர் அனுப்பும் மின் துடிப்பை, அதாவது பல்ஸை, எண்ணுகிறது. லிட்டருக்கு 1,000 பல்ஸ், பீப்பாய்க்கு 200 லிட்டர். இரண்டு மாதத்தில் மூன்று முறை, பீப்பாய் நிரம்பும் முன்பே வால்வு மூடிக்கொண்டது. 151 லிட்டரில் நின்ற ஒன்றை யாரும் கவனிக்காமல் சாட்ஸ்வொர்த்தில் சமோசா போடும் ஒரு அம்மாவுக்கு அனுப்பிவிட்டோம். அவர் போனில் கேட்டதை இங்கே எழுத முடியாது.

கணினி பதிந்து வைத்திருந்த லாகைப் பார்த்தேன். கோளாறு வரும்போதெல்லாம் எண்ணிக்கை ஒரே ஒரு வாசிப்பில் சரியாக 65,536 கூடி, அடுத்த வாசிப்பில் இறங்கிவிடுகிறது. கேபிள் கெட்டால் இவ்வளவு கணக்காகவா கெடும்? டிரைவரின் சோர்ஸை, அதாவது அதன் நிரல் வரிகளைத் திறந்தேன். எண்ணிக்கையை அட்டை வைத்திருக்கும் இடம் உங்கள் கையேட்டின்படி ஒரு 32 பிட் ரெஜிஸ்டர். டிரைவரோ கீழ் 16 பிட்டை முதலில் எடுத்து, மேல் 16 பிட்டைப் பிறகு எடுக்கிறது. 16 பிட் கொள்ளும் உச்ச எண்ணான 65,535-இல் எண்ணி நிற்கும்போது கீழ்ப்பாதியை எடுத்து, மேல்பாதிக்குப் போவதற்குள் ஒரு பல்ஸ் வந்தால், கீழ்ப்பாதி பூஜ்யமாகி மேல்பாதி 1 ஆகிவிடும். பழைய கீழ்ப்பாதியும் புதிய மேல்பாதியும் ஒட்டி 1,31,071 என்று வருகிறது. இந்த எண்ணி பீப்பாய்க்குப் பீப்பாய் பூஜ்யமாகாமல் ஓடிக்கொண்டே இருப்பதால், 65,536-இன் ஒவ்வொரு மடங்கிலும் இந்த வாய்ப்பு உண்டு. கண்ணிமைக்கும் நேரத்தில் 65 லிட்டர் கூடிவிட்டதாக நம்பி என் புரோகிராம் வால்வை மூடுகிறது.

ஒரே 32 பிட் வாசிப்பில் முடிகிற வேலை இது. துண்டாகத்தான் படிக்க வேண்டும் என்றால் மேல்பாதி, கீழ்ப்பாதி, மறுபடி மேல்பாதி என்று படித்து, மேல்பாதி மாறியிருந்தால் திரும்பப் படிக்கலாம்.

இன்னொன்று. கிடங்கிலுள்ள பழைய பவர்பிசி கணினி பிக்-எண்டியன், அதாவது எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைப்பது. அங்கே அதே அட்டை ஒரு பல்ஸுக்கு 256 என்றும், 256 பல்ஸுக்கு 1 என்றும் காட்டியது. நீங்கள் அனுப்பிய திருத்தம் எந்தக் கணினி என்று பாராமல் பைட்டுகளைத் திருப்பியது. கிடங்கு சரியாயிற்று, லைனிலுள்ள இன்டெல் கணினி 256 காட்டத் தொடங்கியது! லினக்ஸின் மையமான கர்னலில் ரீட்எல் என்ற வாசிப்புக் கட்டளை இருக்கிறதே. சின்ன பைட்டை முதலில் வைக்கும் லிட்டில்-எண்டியன் ரெஜிஸ்டரை 32 பிட்டாக எடுத்து, எந்தப் பிராசசருக்கும் அதன் பைட் வரிசையிலேயே கொடுத்துவிடும். இரண்டு புகாரும் அந்த ஒரு வரியில் தீரும். அதை விட்டு, முகவரியைச் சுட்டும் பாயின்டரை வைத்து நேராகப் படிப்பானேன்?

நான் திருத்திய வரிகளை இணைத்திருக்கிறேன். மூன்று வாரமாகக் கோளாறு இல்லை. ஆனால் உங்கள் அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும். எனவே திருத்திய டிரைவரை நீங்களே வெளியிட வேண்டும். கையேட்டில் ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் அகலமும் பைட் வரிசையும் அச்சிட வேண்டும். மூன்று பீப்பாய்க்கான நஷ்டத்தையும் தர வேண்டும், பில் இணைப்பில் உள்ளது.

2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு அன்னதான ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன, அதற்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
நிரப்பக உரிமையாளர்