ஸ்வெட்டருக்கு முன்னால் சாவி

தம்பெரே, பின்லாந்து,
நவம்பர் 22

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பாப்பாவுக்கு இங்கே தங்கிப் படிப்பதற்கான அனுமதி அட்டை வந்துவிட்டது, ஜனவரியில் ஒரு செமஸ்டர் படிக்க இங்கே வருகிறாள் என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். இனி அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. தங்கச்சியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

எவ்வளவு கனத்தில் ஸ்வெட்டர் வாங்குவது என்று கேட்டிருந்தாய். அதற்கு அப்புறம் வருகிறேன். மதுரையில் இருந்தபடியே நீ முதலில் சரிசெய்ய வேண்டியது அவள் வந்திறங்கும் நாளைத்தான். மாணவர் குடியிருப்பின் வாடகை ஒப்பந்தம் ஜனவரி 1 அன்று தொடங்கும். அன்று விடுமுறை. ஜனவரி 6 லொப்பியாய்னென் பண்டிகை, அன்றும் அலுவலகம் பூட்டு. சனி, ஞாயிறைக் கேட்கவே வேண்டாம். சாவி கொடுப்பது அலுவலக நேரத்தில் மட்டும். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று சனிக்கிழமை ராத்திரி வந்திறங்கினால் திங்கள்வரை ஓட்டல் வாடகை கட்டவேண்டி வரும், மிச்சம் பிடித்த காசு அதில் போய்விடும். வேலை நாளில், முற்பகலில் ஹெல்சிங்கி வந்து சேருகிற விமானமாகப் பார். அப்படி அமையவில்லை என்றால், வேறொருவர் சாவியை வாங்கிக்கொள்ளலாமா என்று அவள் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேட்கட்டும். சம்மதித்தால் என் பெயருக்கு அதிகாரக் கடிதம் எழுதி அனுப்பச் சொல், நான் போய் வாங்கி வைக்கிறேன்.

ஹெல்சிங்கி விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. உள்ளூர் ரயிலில் திக்குரிலா வரை சில நிமிடம், அங்கே மாறினால் தம்பெரேக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விமான நிலையத்திலிருந்து தம்பெரே வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுக்கச் சொல். விமானம் தாமதமாகலாம் என்பதால், தரையிறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடட்டும்.

அறையில் கட்டில், மேசை, நாற்காலி இருக்கும். தலையணை, போர்வை, பாத்திரம் பெரும்பாலும் இருக்காது. முதல் ராத்திரிக்கு ஒரு பெட்ஷீட், ஒரு மெல்லிய போர்வை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் பெட்டியில் இருந்தால் போதும். உள்ளே 20, 21 டிகிரி எப்போதும் இருக்கும், கம்பளி மூட்டை தேவையே இல்லை. இன்னொன்று, இங்கே வாசல் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். குப்பை போடப் போனாலும் சாவி பையில் இருக்கவேண்டும். மறந்தால் பராமரிப்பு நிறுவனத்து ஆள் வந்து திறந்துவிடுவார், அதற்குத் தனிக் கட்டணம், ராத்திரி என்றால் இன்னும் கூடுதல்.

இப்போது உன் ஸ்வெட்டர். மதுரையில் ஒன்றும் வாங்காதே. அங்கே கிடைக்கிற கனமான ஸ்வெட்டரை வைத்து இந்த ஊர்க் காற்றைத் தடுக்க முடியாது, பெட்டியில் இடம்தான் போகும். இங்கே உடம்பைக் காப்பது அடுக்கு. தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ கலந்த உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற துணியில் தைத்த சட்டை, அதற்கும் மேலே காற்றும் ஈரமும் நுழையாத ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வேகமாக நடந்தால் மைனஸ் 15-லும் வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். பஸ்ஸுக்காக நின்ற ஐந்தாவது நிமிடத்தில் அந்த ஈரம் முதுகில் பனிக்கட்டி மாதிரி ஒட்டும். குளிரைவிட ஈரத்துக்குத்தான் பயப்படவேண்டும். ஜாக்கெட்டும் பூட்ஸும் இங்கே கிர்ப்புதோரி என்கிற பழைய சாமான் கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கும், நானே கூட்டிப்போகிறேன். உள்ளாடை இரண்டு செட் மட்டும் வரும்போதே கொண்டுவரட்டும், வந்த அன்றே தேவைப்படும்.

பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கவேண்டும். கம்பளி சாக்ஸ் போட்டபிறகும் விரல்கள் உள்ளே அசையவேண்டும், இறுக்கினால் ரத்தம் ஓடாமல் முதலில் விரைப்பது கால் விரல்தான். கைக்கு, விரல்கள் பிரியாத கையுறை. நான்கு விரலும் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். பாப்பா மூக்குத்தி போட்டிருக்கிறாள் அல்லவா? கடுங்குளிரில் உலோகம் தோலின் சூட்டை உறிஞ்சிவிடும், மூக்கு வலிக்கும். நீண்ட நேரம் வெளியே இருக்கவேண்டிய நாளில் கழற்றிவிடட்டும், தோடும் அப்படித்தான். கன்னத்திலோ காது மடலிலோ வெள்ளையாகத் திட்டு தெரிந்து மரத்துப்போனால் உள்ளங்கையை வைத்து அழுத்திச் சூடாக்கவேண்டும். தேய்க்கக் கூடாது.

வழுக்கலைப் பற்றித் தங்கச்சி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மைனஸ் 20-ல் பனி மணல் மாதிரி நொறுநொறுவென்று இருக்கும், அவ்வளவாக வழுக்காது. பூஜ்யத்தை ஒட்டி உருகி மறுபடி உறைகிற நாளில்தான் ஆபத்து, பனிக்கட்டிக்கு மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அந்த மாதிரி நாள்கள் அதிகம். காலணிக்கு அடியில் மாட்டுகிற ஆணிப் பட்டை கடைகளில் கிடைக்கும், அதைப் பையிலேயே வைத்திருக்கவேண்டும். கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடவேண்டும், டைல்ஸ் தரையில் அந்த ஆணியே வழுக்கிவிடும். கோட்டின் ஓரத்தில் முழங்கால் உயரத்தில் தொங்குகிற மாதிரி ஒரு ஒளிபிரதிபலிப்பான் குத்திக்கொள்ளட்டும். அவள் வருகிற வாரத்தில் சூரியன் காலை ஒன்பதரைக்கு மேல்தான் எழும், மூன்றரைக்குள் மறைந்துவிடும். இருட்டில் கறுப்புக் கோட்டு போட்டவர் கார் ஓட்டுகிறவர் கண்ணுக்குச் சுமார் 50 மீட்டரில்தான் தெரிவார், அந்தச் சின்ன வில்லை இருந்தால் 150 மீட்டரிலேயே தெரிவார்.

போனை உள்பையில் வைக்கவேண்டும். குளிரில் பேட்டரி 30 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடும். உள்ளே வந்ததும் உடனே சார்ஜ் போடக்கூடாது, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு போடட்டும். உறைநிலையில் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

சாப்பாட்டு மூட்டையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. தங்கச்சி காய்ச்சித் தருகிற நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அதில் அடங்கும். பிடித்தால் குப்பைக்குப் போகும், மனசு கேட்காது. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் எல்லாம் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் வரக்கூடாது. சான்று கேட்காத பழங்கள் ஐந்துதான்: தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியன். கறிவேப்பிலையைப் பொடியாக்கிக் கொடு. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி தாராளமாக வரட்டும். கருவாட்டுக்குத் தடை இல்லை, ஆனால் பொதுச் சமையலறையில் வறுத்தால் அறைத்தோழிகள் முகம் சுளிப்பார்கள். குக்கர் தருவதானால் எவர்சில்வரில் அடி தட்டையானதாக, காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கு. இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடாகாது. தாளிக்கும் முன்பே புகைவிசிறியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிடவேண்டும். காய்ந்த மிளகாய்ப் புகை புகையுணர்வியை அலறவைக்கும். தேங்காய் எண்ணெயை வாய் அகலமான டப்பாவில் ஊற்றிக் கொடு, இங்கே வருஷம் முழுக்க உறைந்தேதான் கிடக்கும்.

தங்கச்சி கேட்கக் கூச்சப்பட்டிருப்பார், நானே சொல்லிவிடுகிறேன்: இங்கே கழிவறையில் தண்ணீர் வசதி உண்டு. வாஷ்பேசின் குழாயோடு கைத்தெளிப்பான் ஒன்று இணைந்திருக்கும். முதலில் பேசின் குழாயைத் திறந்து, தெளிப்பானை அமுக்கவேண்டும். முடிந்ததும் மறக்காமல் குழாயை மூடவேண்டும். மூடாவிட்டால் ரப்பர்க் குழாயில் அழுத்தம் நின்று ஒருநாள் பிய்த்துக்கொள்ளும், தண்ணீர் கீழ்வீட்டுக்கும் இறங்கும்.

படிப்பைப் பற்றி அவளுக்கே தெரியும், இரண்டு மட்டும் சொல்கிறேன். ஐந்து கிரெடிட் பாடம் என்றால் சுமார் 135 மணி நேர உழைப்பு, வகுப்பு அதில் கொஞ்சம்தான். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யச் சொன்னால் கெடுவுக்குள் செய்துவிடவேண்டும், தவறினால் எழுத முடியாமல் போகலாம். பேராசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள், அவளுக்கு முதலில் நா எழாது, பழகிவிடும். வாடகையை வங்கி வழியாகக் கட்டும்போது வாடகை பில்லில் இருக்கிற குறிப்பு எண்ணை அப்படியே போடவேண்டும், அது இல்லாவிட்டால் பணம் யார் கணக்கில் சேர்வது என்று தெரியாமல் நிற்கும். ஐந்து மாதத்துக்காக இங்கே வங்கிக் கணக்கு தொடங்க அலையவேண்டாம் என்பது என் எண்ணம். வெவ்வேறு வங்கியின் இரண்டு கார்டுகள், தனித்தனி இடத்தில் வைத்திருந்தால் போதும்.

காப்பீட்டுத் தாளை அச்செடுத்துக் கையோடு கொண்டுவரட்டும். அவசரம் என்றால் 112. காய்ச்சலா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்ற சந்தேகத்துக்கு 116117. இரண்டும் போனில் இப்போதே பதிவாகியிருக்கட்டும், என் எண்ணும்தான்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. இங்கே இப்போது உங்களைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அது இரண்டரை ஆகும், தங்கச்சியிடம் முன்பே சொல்லிவை. வழக்கமான நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே அவள் கூப்பிட்டால் என்னவோ ஏதோ என்று பதறிவிடுவார்.

அன்புடன்,
உன் மாப்ள